பாலத்துக்கு எதற்குக் கூரை?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பார்ட்டன்ஸ்வில் என்றொரு சிற்றூர். 1869-இல் வந்த வெள்ளத்தில் அங்கே ஓடும் வில்லியம்ஸ் ஆறு தடம் மாறிவிட்டது. அடுத்த ஆண்டே ஊரார் 151 அடி நீளத்தில் புதிய மரப்பாலம் எழுப்பினார்கள். இருபுறமும் பலகைச் சுவர், மேலே சாய்வான கூரை. பார்த்தால் ஆற்றின் மேல் நீட்டி வைத்த வீடு மாதிரி இருக்கும்.

கூரை, நடப்பவர்கள் நனையாமல் இருக்கத்தானே? இல்லை. பனி விழாமல் இருக்கவா? அதுவும் இல்லை. சறுக்குவண்டிகள் போவதற்காக அந்தக் காலத்தில் பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்! கூரை காப்பது மரத்தைத்தான்.

மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. திறந்த வெளியில் நிற்கும் மரம் மேலே காய்ந்துவிடும். ஆனால் இரண்டு பலகைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இறங்கிய நீர் லேசில் வெளியேறாது. உளுத்தல் அங்கேதான் தொடங்கும்.

இந்தப் பாலமோ முழுக்க முழுக்க அப்படிப்பட்ட இடங்களால் ஆனது. இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற கிராதி அமைப்பு இது. அதற்கு முன் பாலம் கட்டப் பெரிய உத்தரங்களும் கைதேர்ந்த தச்சர்களும் வேண்டும். டவுன் சாதாரண அறுத்த பலகைகளையே குறுக்கும் மறுக்குமாகச் சாய்த்து அடுக்கி, அவை சந்திக்கும் இடங்களில் துளையிட்டு மர முளைகளை அடித்தார். அதனால் பக்கச்சுவர் முழுக்க முக்கோணங்கள் உருவாகின. முக்கோணம் எளிதில் சாயாது. வண்டியின் எடை ஒரே மரத்தில் இறங்காமல் பல பலகைகள் வழியே பிரிந்து கரைக்குப் போய்ச் சேரும். எனக்கு இது அபாரமான யோசனையாகப் படுகிறது. ஆனால் அத்தனை சந்திப்புகளும் மழைநீருக்குப் பொறிகள். கூரை இல்லாவிட்டால் இந்தக் கிராதி ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது. வெளிப்பலகைகள் மழையை வாங்கிக்கொள்ளும். நைந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம்.

அப்படியே 141 ஆண்டுகள் நின்றது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் கொண்டுவந்த வெள்ளம் கரையோர மண்ணை அரித்தெடுக்க, பாலம் அப்படியே ஆற்றில் சாய்ந்தது. 2013 ஜனவரியில் அதே இடத்தில், பழையதைவிடச் சற்று நீளமாக, புதிய பாலம் திறக்கப்பட்டது. அதே கிராதி, அதே கூரை.