மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?

ஏப்ரல், மே மாதங்களில் நீலகிரியில் மலர்க் கண்காட்சிக்கு மட்டும் கூட்டம் சேர்வதில்லை. ஊட்டி காந்தல் குருசடித் திருவிழா, சபைகளின் கன்வென்ஷன், எஸ்டேட் மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்கள் என்று எங்கு பார்த்தாலும் ஜெபம்தான். அதெல்லாம் முடிந்த பிறகு, சுகம் கிடைத்துவிட்டது என்று நம்பி மருந்தை நிறுத்திவிட்டு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

நானும் சபைக்குப் போகிறவள்தான். நோயாளி கேட்டால் அங்கேயே கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் மருந்துச் சீட்டு எழுதுவேன். ஆகவே இதை விசுவாசம் இல்லாத ஒரு டாக்டரின் புலம்பல் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

முதலில் குடி. அதையும் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து உண்டு. பல வருடமாகத் தினமும் குடிக்கும் ஒருவர் கூட்டத்தில் மனம் உடைந்து அழுகிறார், இனி தொடுவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். வீட்டில் ஒரே சந்தோஷம். மறுநாள் காலை டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது, இந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைகிறது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கிறார், பெற்ற மகளையே யார் என்று கேட்கிறார். "பிசாசு போகும்போது அலைக்கழிச்சுட்டுத்தான் போகும்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்ல, குடும்பமே முழங்காலில் நின்று விடிய விடிய ஜெபிக்கிறது.

நடப்பது வேறு. சாராயம் மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் அதற்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, சாராயம் திடீரென்று நின்றதும் கட்டுமீறி ஓடத் தொடங்குகிறது. நிறுத்திய சில மணி நேரத்திலேயே நடுக்கம் வரலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி தடுமாறும் கட்டம், இதில் உயிரே போகலாம். சில நாள் மருத்துவமனையில் வைத்து, தயாமின் எனும் பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்துவிடுவார்கள். அந்தத் தீர்மானம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். தினமும் குடிக்கிறவர் தீர்மானம் எடுத்த அன்றே டாக்டரையும் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவரை மீண்டும் குடிக்காமல் காப்பதில் என் மாத்திரைகளுக்குப் பங்கு கொஞ்சம்தான். சம்பள நாள் சாயங்காலம் சபை ஆட்கள் இரண்டு பேர் எஸ்டேட் லயன் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாங்கண்ணே, கொயர் பிராக்டிஸ்" என்று கையோடு கூட்டிப் போகிறார்களே, அதற்கு ஈடான மருந்து என் அலமாரியில் இல்லை. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பைத் தொடங்கியதும் இதே வழியில்தான். அன்றைய கிறிஸ்தவ எழுப்புதல் குழு ஒன்றின் பழக்கங்களைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்: தன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது, கடவுளிடம் விட்டுவிடுவது, இன்னொரு குடிநோயாளிக்குத் துணை நிற்பது.

இரண்டாவது, மனச்சோர்வு. குடியைவிட இதில்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். ஜூன், ஜூலையில் மஞ்சு மூடி வெயிலே காணாத நாட்களில் ஒரு அம்மா வந்து உட்காருவார். தூக்கம் இல்லை, பசி இல்லை, உடம்பெல்லாம் வலி. கைப்பையில் ஜிப் வைத்த வேதாகமம் இருக்கும். கொஞ்ச நேரம் பேசவிட்டால் மெதுவாக அழுவார்: "ஜெபம் பண்ண முடியல டாக்டரம்மா. உட்கார்ந்தா ஒரு வார்த்தையும் வரமாட்டேங்குது." சபையில் யாரிடமோ இதைச் சொல்லியிருக்கிறார். விசுவாசம் குறைந்துவிட்டது, மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. ஏற்கெனவே குற்ற உணர்வில் கிடப்பவருக்கு அதற்கு மேலும் ஒரு சுமை! எதிலும் மனம் ஒட்டாமல் போவது இந்த நோயின் அறிகுறி. சமையலில் ஒட்டாத மனம் ஜெபத்திலும் ஒட்டாது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டாரே, அப்போது தேவதூதன் அவரைக் கண்டித்தானா? தூங்கவிட்டான், தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கர்த்தரின் கேள்வி வந்தது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். மனச்சோர்வு மருந்து நன்றாக வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அவருக்குப் பதிலாக நீங்கள் ஜெபியுங்கள். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழே கோயம்புத்தூருக்குப் போவதே கஷ்டம் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிபி மருந்து சாப்பிட்டு இரண்டே மாதத்தில் இருமல் நின்றுவிடும், கிருமி முழுதும் செத்திருக்காது, வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் சர்க்கரை நோயாளிகள் சாம்பல் புதனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். 70-க்குக் கீழே போனால் உபவாசத்தை உடனே முடித்துவிட வேண்டும்.

கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று நம்புகிறவர் ஏன் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு சொன்னது "நீங்கள் போய், ஆசாரியருக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றுதான். அந்தக் காலத்தில் குஷ்டம் தீர்ந்ததா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியருடையது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னார். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையும் அப்படித்தான். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் தவித்தார்கள், பார்க்கப் பெண் மருத்துவர் இல்லை, மூவரும் இறந்துபோனார்கள். அவர் அதைக் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டு, அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து 1960-இல் அங்கேதான் இறந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரு போதகர் தன் சபையின் ஜெப விண்ணப்பச் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இப்போது சாப்பிடும் மருந்துகள்." அதில் "நிறுத்திவிட்டேன்" என்று யாராவது எழுதியிருந்தால் அவருக்காக ஜெபித்துவிட்டு எனக்குப் போன் போடுகிறார். பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து, நான் சோற்றில் கை வைக்கும் நேரமாகத்தான் அந்தப் போன் வரும். பரவாயில்லை, எடுத்துவிடுகிறேன்.