சின்னக் கேமரா, பெரிய சென்சார்: வாங்கும் முன் லென்ஸையும் பாருங்கள்

போன வாரம் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி சின்னக் கேமரா ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். "அண்ணா, எல்லாப் படத்துலயும் வானத்துல ஒரே இடத்துல ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸைத் துடைச்சுப் பார்த்துட்டேன், போகல" என்றார். துடைத்தால் போகாது. புள்ளி இருந்தது உள்ளே, படம் பதியும் சில்லான சென்சாரின் மேல். லென்ஸ் கழற்றும் கேமராவாக இருந்தால் பத்து நிமிட வேலை. இதில் லென்ஸும் பாடியும் ஒன்று. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ரிப்பன் கேபிள்களை விடுவித்து, லென்ஸ் யூனிட்டையே வெளியே எடுத்தால்தான் சென்சாரைத் தொட முடியும்.

சென்னையில் கேமரா சர்வீஸ் செய்கிறவன் நான். லென்ஸ் கழற்ற முடியாத, ஆனால் பெரிய சென்சார் உள்ள இந்த வகைச் சின்னக் கேமராவைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் பட்டறை மேசையில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்று. சென்சார் எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள். பழைய சாதாரண காம்பாக்ட் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. '1 இன்ச்' என்று சொல்லப்படுவது 13.2க்கு 8.8 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி (APS-C) என்ற அளவு 23.5க்கு 15.6 மி.மீ.; பழைய காம்பாக்டைப் போல் பதின்மூன்று மடங்கு. (1 இன்ச் சென்சாரில் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் அது.) மயிலாப்பூர் மாட வீதியில் இருட்டிய பிறகு, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பூ கட்டும் அம்மாவைப் படமெடுத்துப் பாருங்கள். சின்ன சென்சாரில் புடவையின் நிழல் பகுதி முழுக்கப் பொரிப் பொரியாக நாய்ஸ் வரும். ஏபிஎஸ்-சியில் மடிப்பு மடிப்பாகத் துணி தெரியும். அந்த வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்கலாம்.

ஆனால் 1 இன்ச்சுக்காக மட்டும் கொடுக்கலாமா? 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது சட்டைப்பையில் அந்த சென்சார் என்பதே பெரிய விஷயம். இப்போது விலை உயர்ந்த சில போன்களிலேயே அந்த அளவு சென்சார் இருக்கிறது. அப்படிப்பட்ட போன் கையில் இருந்தால், 1 இன்ச் கேமராவை அதன் ஜூமுக்காக வாங்குங்கள், சென்சாருக்காக வேண்டாம். படத்தின் தரம்தான் முக்கியம் என்றால் நேராக ஏபிஎஸ்-சிக்குப் போங்கள்.

அங்கே ஜூம் பெரும்பாலும் இருக்காது. 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3க்கு 28 மி.மீ. லென்ஸுக்கு நிகரான அகலமான ஒரே பார்வைதான். பேட்டரியோடு சுமார் 257 கிராம்; சட்டைப்பையில் போய்விடும். ஆனால் ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய 200 படம், அவ்வளவுதான். 2024இல் வந்த ஃபுஜி எக்ஸ்100விஐ 35 மி.மீ.க்கு நிகர் (பார்வை கொஞ்சம் குறுகல்), 40 மெகாபிக்சல், அரைக் கிலோவுக்கு மேல், கழுத்தில்தான் தொங்கும். இரண்டிலும் ஷட்டர், அதாவது வெளிச்சத்தைத் திறந்து மூடும் கதவு, லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் அருமை நம் ஊர் உச்சி வெயிலில் தெரியும். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை முகத்தில் தலைப்பாகை நிழல் விழும்போது ஃபிளாஷ் போட வேண்டும்; ஆனால் சாதாரணக் கேமராவில் 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் ஃபிளாஷ் ஒழுங்காக ஒத்துப்போகாது. இவற்றில் அதைவிட வேகமாகப் போகலாம். பின்னால் வானம் வெளுக்காமல் முகம் தெளிவாக வரும்.

சரி, இனி லென்ஸ். பவர் பட்டனை அழுத்தினால் வெளியே நீளும் லென்ஸ் ஒரு பம்பு மாதிரி. நீளும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசியும் வரும். மெரினாவில் ஒரு மாலை போதும். ஒரு மணல்துகள் குழலின் இடுக்கில் சிக்கினால் 'கரகர' என்று சத்தம் கேட்கும். கேட்டதும் ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் துகள் இன்னும் ஆழமாகப் போகும். அப்படியே எடுத்து வாருங்கள். எக்ஸ்100விஐ தூசி, தூறல் தாங்கும் என்பார்கள். அடாப்டர் வளையமும் ஃபில்டரும் மாட்டினால்தான் அது உண்மை.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. பீரோவில் துணிகளுக்கு நடுவே இரண்டு மாதம் கிடந்த கேமராக்களின் லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் தெரியும். பூஞ்சை. முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்; பிறகு துடைத்தும் பயனில்லை. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அரிசி டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள், அரிசி மாவு உள்ளே போய் நிறைய பார்த்துவிட்டேன். ஏசி காரிலிருந்து இறங்கினால் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் பொறுங்கள், லென்ஸ் வியர்க்காது.

பழையது வாங்குவதானால் லென்ஸ் துவாரத்தை (அப்பெர்ச்சர்) முடிந்தவரை சின்னதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாமல் சில ஆயிரம் குறைவாகக் கிடைப்பதை நான் வாங்கமாட்டேன். இவற்றில் லென்ஸ் போனால் செலவு பெரிசு.

அந்தத் தம்பியின் கேமராவைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சென்சாரின் மேல் கிடந்தது ஒரு நீல நூல் துணுக்கு, கண்ணிமை முடியில் பாதிகூட இருக்காது. "ஜீன்ஸ் பாக்கெட்லயா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார்.