வி.பி.என். போட்டால் பாளையங்கோட்டை மறைந்துவிடுமா?

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வானிலைப் பக்கம் ஒன்றைத் திறந்தால், சில நேரம் அது சென்னை மழையைப் பற்றிப் பேசும். சிம்மை மாற்றினால் மதுரை என்று காட்டினாலும் காட்டும். ஆனால் அதே போனில் மேப்பைத் திறந்தால் நீலப்புள்ளி நாம் நிற்கும் டீக்கடை வாசலுக்கே வந்துவிடும். இரண்டும் நம் இடத்தை இரு வேறு வழிகளில் தேடுகின்றன. நம் டேட்டாவை இன்னொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வி.பி.என். கைவைப்பது அதில் ஒரு வழியில் மட்டும்தான்.

வானிலைப் பக்கம் பார்த்தது ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணை. பழைய வகை முகவரிகள், அதாவது ஐ.பி.வி4, மொத்தமே சுமார் 430 கோடி. உலகத்துக் கருவிகளுக்கு அது பத்தாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல பேருக்குப் பங்கு வைக்கின்றன. நம் டேட்டா வெளி இணையத்துக்குள் நுழையும் வாசலும் பெரும்பாலும் ஏதாவது பெருநகரத்தில்தான் இருக்கும். ஐ.பி.யை வைத்து ஊர் சொல்லும் தரவுத்தளங்கள் அந்த வாசலையே நம் ஊர் என்று எடுத்துக்கொள்கின்றன. வீட்டு பிராட்பேண்டில் கணிப்பு கொஞ்சம் நெருங்கி வரலாம், ஆனால் தெருவும் கதவு எண்ணும் வராது. எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்பது இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். போலீஸ் கேட்கப்போவதும் அவர்களிடம்தான்.

வி.பி.என். செய்யும் வேலை இது: போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பூட்டி, இன்னொரு பொட்டலத்துக்குள் போட்டு, தன் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைப் பிரித்து, தன் முகவரியிலிருந்து போவதுபோல் வெளியே விடுகிறது. கல்யாணத்துக்குப் போகமுடியாமல் அம்பாசமுத்திரம் அண்ணாச்சி கையில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, அவர் பெயரிலேயே எழுதச் சொன்னால் எப்படியோ அப்படி. மொய் நோட்டில் ஏறுவது அம்பாசமுத்திரம். ஆனால் கவர் யாருடையது என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். கவருக்குள்ளே நம் பெயரை நாமே எழுதி வைத்திருந்தால் கல்யாண வீட்டுக்கும் தெரிந்துவிடும். ஜிமெயிலிலோ ஃபேஸ்புக்கிலோ லாகின் செய்தபடி வி.பி.என். போடுவது இந்தக் கடைசி வகை.

லாகின் செய்யாவிட்டாலும் குக்கீ, அதாவது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு, இருக்கிறது. திரையின் அளவு, எழுத்துரு, மொழி, நேர மண்டலம் என்று பிரவுசர் தானாகவே சொல்லிவிடும் விவரங்களைக் கோத்து ஆளை அடையாளம் காணும் முறையும் இருக்கிறது. ஐ.பி. ஆம்ஸ்டர்டாம் என்கிறது, கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது, மொழி தமிழ். விளம்பர நிறுவனத்துக்கு வேறு என்ன வேண்டும்?

இடத்துக்கு வருவோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றின் சிக்னலைக் கேட்க மட்டும் செய்கிறது; நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. இதற்கு இணையமே தேவையில்லை, வி.பி.என். குறுக்கே வர வழியும் இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குள் ஜி.பி.எஸ். கிடைக்காவிட்டாலும், அக்கம்பக்கத்து வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்களை வைத்துக் கூகுளும் ஆப்பிளும் இடத்தைச் சொல்லிவிடும். அந்த வைஃபையில் நாம் சேர்ந்திருக்கக்கூட வேண்டாம், போன் காதில் விழுந்தால் போதும். லொகேஷன் அனுமதி வாங்கிய ஆப், வி.பி.என். வழியாகவே இந்த இடத்தைத் தன் நிறுவனத்துக்குப் பத்திரமாக, பூட்டுப் போட்டு அனுப்பும்! சிம் நிறுவனத்துக்கோ இந்தச் சுற்று எதுவும் வேண்டாம். எந்த டவரில் போன் இருக்கிறது என்று தெரிந்தால்தானே அழைப்பே வரும்.

அப்படியானால் லாபமே இல்லையா? இருக்கிறது. தளத்துக்கும் நமக்கும் இடையே போவதைப் பூட்டி அனுப்பும் ஹெச்.டி.டி.பி.எஸ். முறை வந்தபிறகு பக்கத்துக்குள் நாம் என்ன படிக்கிறோம் என்பது இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியாது. எந்தத் தளம் என்பது மட்டும் பெரும்பாலும் தெரியும். வி.பி.என். அதையும் மறைக்கிறது, எப்போது, எவ்வளவு டேட்டா என்பதுதான் மிச்சம். லாட்ஜ் வைஃபை, ஜங்ஷன் வைஃபை போன்ற இடங்களில் இது உருப்படியான பாதுகாப்பு.

ஆனால் இதுவரை இணைப்பு நிறுவனம் பார்த்ததை இனி வி.பி.என். நிறுவனம் பார்க்கிறது. இலவசம் என்றால் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ இதற்கு நல்ல சாட்சி. பாதுகாப்பு என்று சொல்லி அது கொடுத்த இலவச வி.பி.என்., மக்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்துத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2018-ல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து போனது, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். சேவை தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐ.பி. உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட்வி.பி.என். ஆகியவை இங்கிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. எக்ஸ்பிரஸ்வி.பி.என். சிங்கப்பூரில் இருக்கும் இயந்திரத்திலிருந்து இந்திய முகவரியைக் கொடுத்தது. ஐ.பி. சொல்லும் ஊரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வி.பி.என். என்ற சொல்லை வீட்டுப் பெரியவர்களே சாதாரணமாகச் சொல்வார்கள். துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது, பிள்ளைகள் வி.பி.என். போட்டுப் பேசுகிறார்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றிக்காட்டினால் அபராதம் 5 லட்சம் திர்ஹம் முதல் 20 லட்சம் வரை. பேசுகிற ஆசையில் இதைப் பலர் விசாரிப்பதே இல்லை.

வி.பி.என். போடுவதென்று முடிவெடுத்தால் ஆண்ட்ராய்டு செட்டிங்கில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடுக்கும் பொத்தான். ரயில் மணியாச்சி தாண்டும்போது சிக்னல் விட்டு விட்டு வந்தால், வி.பி.என். அறுந்த அந்த இடைவெளியில் உண்மையான ஐ.பி. வெளியே போய்விடும், இந்தப் பொத்தான் அதைத் தடுக்கும். இன்னொன்று லொகேஷன் அனுமதி. ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய இடம், தோராய இடம் என்று பிரித்துக் கொடுக்கலாம். வானிலை ஆப்புக்குத் தோராயம் தாராளம். டார்ச் லைட் ஆப் இடம் கேட்டால் அதற்கு எதுவுமே கொடுக்க வேண்டாம்.