பாதி லோடுக்குப் பாதிப் புகை என்று யார் சொன்னது?

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் எரிபொருள் கணக்கையும் உமிழ்வுக் கணக்கையும் சரிபார்ப்பது என் வேலை. எந்த வண்டி வாங்கலாம், எந்த மென்பொருள் போடலாம் என்று ஆலோசனை கேட்டும் வருவார்கள். அண்மையில் வந்த ஒரு கோப்பு என் பொறுமையை முழுதாகத் தீர்த்துவிட்டது. இதே கதையை வேறு வேறு பெயர்ப்பலகைகளின் கீழ் பலமுறை பார்த்தாயிற்று. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நிறுவனம் மின் லாரிகள் வாங்கியிருந்தது. ஒவ்வொரு வண்டியிலும் ஜிபிஎஸ், கதவில் சென்சார், அலுவலகச் சுவரில் பெரிய டேஷ்போர்டு. உமிழ்வு குறைந்துவிட்டது என்று அறிக்கையும் தயார். நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். ட்ரிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலான வண்டிகள் பாதிகூட நிரம்பாமல் கிளம்பியிருக்கின்றன. திரும்பும்போது அநேகமாகக் காலி. மின் லாரி வந்தபிறகு ட்ரிப்கள் கூடியிருக்கின்றன, ஏற்றிய எடை கூடவில்லை. காரணம் கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதில்: “பாதி லோடில் போனால் பாதிச் செலவுதானே ஆகும்? அதுவும் புகையே இல்லாத வண்டி.”

இந்த ஒரு எண்ணம் இந்தத் துறைக்குச் செய்திருக்கும் கெடுதலைப் பழைய எஞ்சின்கள்கூடச் செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

லோடோடு சேர்த்து 40 டன் எடையுள்ள ட்ரெய்லர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 15 டன் அளவு வண்டியின் சொந்த எடை. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த 15 டன்னை இழுத்தே ஆகவேண்டும். அடுத்தது காற்று. 80 கி.மீ. வேகத்தில் சமதளச் சாலையில் முழு லோடோடு போகும் வண்டி செலவிடும் விசையில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். உள்ளே 25 டன் இருக்கிறதா, ஒரே ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) இருக்கிறதா என்பது காற்றுக்குத் தெரியாது. வண்டியின் முகமும் உயரமும் அதேதான். லோடைப் பொறுத்துக் குறைவது டயர் உருளும்போது எழும் தடை மட்டும். ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் இடங்களிலும் கொஞ்சம் மிச்சமாகும். அவ்வளவுதான்.

எண்களில் பார்க்கலாம். ஒரு மாதிரிக் கணக்கு: வண்டி 24 டன் ஏற்றிக்கொண்டு 300 கி.மீ. போகிறது, காலியாகத் திரும்புகிறது. 100 கி.மீ.க்கு முழு லோடில் 33 லிட்டர், பாதி லோடில் 28, காலியாக 23 லிட்டர் என்று வையுங்கள். முழு லோடு போய்வர 168 லிட்டர். அதே 24 டன்னைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு ட்ரிப்பில் கொண்டுபோனால் 306 லிட்டர். அதே சரக்கு, அதே ஊர், அதே வண்டி. கூடுதலாக 138 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.6 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளிவரும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இப்போது மறுபக்கம். முழு லோடில் போன அதே வண்டி திரும்பும்போது 16 டன் ரிட்டர்ன் லோடு ஏற்றிவருகிறது. மொத்தம் 190 லிட்டருக்குள் முடியும். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவது ஒரு டன்-கிலோமீட்டர்; ஆயிரம் டன்-கிலோமீட்டருக்கு 23 லிட்டர் ஆன இடத்தில் 16 லிட்டருக்குக் கீழே வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எஞ்சின் மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை, ஒரு சென்சார்கூட வாங்கவில்லை.

மின் லாரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று நினைக்காதீர்கள். காற்றும் டயரும் அதற்கும் அதேதான். லிட்டருக்குப் பதில் கிலோவாட் மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே பேட்டரி: 500 கிலோவாட் மணி கொள்ளளவு என்றால் 3 டன்னை ஒட்டியோ அதற்கு மேலோ எடை. அதைச் சுமந்துகொண்டு காலியாக ஓடுவது காசைக் கரைப்பது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வண்டியில் புகைக்குழாய் இல்லை என்பதால் மறைந்துவிடாது. நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரம் என்றால் புகை வேறு இடத்தில் கிளம்புகிறது.

தயவுசெய்து என்னை மின் லாரியின் எதிரி ஆக்கிவிடாதீர்கள். டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக இழக்கிறது. மின் மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. சாலைச் சரக்கு மின்சாரத்துக்குத்தான் போகவேண்டும், போகத்தான் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் புதிய கனரக வண்டிகளின் கரியமில வாயு உமிழ்வை 2019 அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதமும், 2040க்குள் 90 சதவீதமும் குறைக்கவேண்டும் என்று வண்டித் தயாரிப்பாளர்களுக்குச் சட்டமே போட்டிருக்கிறது. என் கோபம் வண்டியின் மீது அல்ல, வரிசையின் மீது. முதலில் வண்டியை நிரப்புங்கள், காலி ஓட்டத்தைக் குறையுங்கள். பிறகு எரிபொருளை மாற்றுங்கள். பத்து வண்டி வேலையை ஏழில் முடிக்கக் கற்றுக்கொண்டவர் ஏழு மின் லாரி வாங்கினால் போதும். கற்றுக்கொள்ளாதவர் பத்து வாங்கி, பத்துக்கும் சார்ஜர் போட்டு, அந்தச் செலவைப் பார்த்து மின் லாரியே கட்டுப்படியாகாது என்று ஊரெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு பேர் பின்வாங்குவார்கள்.

உலகம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சரக்குப் போக்குவரத்தின் பங்கு. ஐரோப்பாவிலேயே, இத்தனை கருவிகளும் விதிகளும் இருந்தும், சரக்கு லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம். அது முழுக் காலி மட்டும்; அரைகுறை லோடு அந்தக் கணக்கில் வராது.

ஏன் காலியாக ஓடுகிறது? டிரைவரைக் குறைசொல்லாதீர்கள், வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவையும் குறைசொல்லாதீர்கள். விற்பனைப் பிரிவு வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குறுதியைப் பாருங்கள். “இன்றே டெலிவரி” என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வண்டி மணி அடித்ததும் கிளம்பியாக வேண்டும். அந்தக் கெடுவில் ஒரே ஒரு நாள் தளர்த்திப் பாருங்கள், இரண்டு அரை லோடு ஒரு முழு லோடாகச் சேரும். எந்த வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே இன்றே வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்த இடங்களில் எல்லாம், பெரும்பாலானவர்களுக்குச் சொன்ன நாளில் வந்தால் போதும் என்பதுதான் பதில்.

அடுத்தது, போட்டியாளரோடு வண்டியைப் பகிர்வது. இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள்; விலை தெரிந்துவிடும், வாடிக்கையாளர் பட்டியல் போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான். அதற்கு ஆராய்ச்சித் திட்டங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன: இருவரின் தரவையும் நடுநிலையான மூன்றாம் தரப்பு மட்டும் பார்க்கும், யாருக்கு எந்த வண்டியில் இடம் என்பதை மட்டும் சொல்லும், மிச்சமான செலவை முன்பே ஒப்புக்கொண்ட விதிப்படி பிரித்துக் கொடுக்கும். சரக்குப் போக்குவரத்து ஆராய்ச்சியாளர் பெனுவா மோந்த்ரெய் முன்வைத்த ‘இயற்பியல் இணையம்’ என்ற கருத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. இணையத்தில் தரவுப் பொட்டலம் எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்று அனுப்புபவர் கவலைப்படுவதில்லை. சரக்கும் ஒரே அளவுகோலில் அமைந்த பெட்டிகளில், பொதுவான மையங்கள் வழியாக, இடம் உள்ள வண்டியில் ஏறிப் போகட்டும் என்பது அதன் சாரம். முழுதாக நிறைவேறப் பல காலம் ஆகும். ஆனால் பெட்டியின் அளவை இன்றே மாற்றலாம். நான் பார்க்கும் லோடுகளில் பல எடையால் நிரம்புவதில்லை, கன அளவால் நிரம்புகின்றன. அட்டைப் பெட்டிக்குள் பாதி வெற்றிடம். பேலட்டுக்கு மேல் ஒரு மீட்டர் வெற்றிடம். பேக்கிங் பிரிவையும் போக்குவரத்துப் பிரிவையும் ஒரே மேசையில் உட்காரவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

‘ஸ்மார்ட்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேஷ்போர்டு வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும். அது ஏன் கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் நிற்கிறது என்று யாராவது கேட்டு, இறக்கும் நேரத்தை மாற்றினால்தான் அந்தத் தரவுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் அது வெறும் திரை.

உமிழ்வை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 2023 முதல் ஐஎஸ்ஓ 14083 என்ற உலகத் தரம் இருக்கிறது. அதைத் திறந்தே பார்க்காமல் அறிக்கை எழுதுகிறார்கள். அதில் என் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு: டன்-கிலோமீட்டரைக் கணக்கிடும்போது வண்டி ஓடிய தூரத்தைப் போடக்கூடாது, சாத்தியமான குறுகிய வழித் தூரத்தையோ நேர்கோட்டுத் தூரத்தையோதான் எடுக்கவேண்டும். ஓடிய தூரத்தைப் போட்டால், சுற்றிச் சுற்றி ஓடியவருக்கு டன்-கிலோமீட்டர் கூடி, டன்-கிலோமீட்டருக்கான உமிழ்வு குறைந்ததுபோல் தோன்றும். எரித்தது அதிகம், பாராட்டும் அதிகம் என்று ஆகிவிடும். நான் திருப்பி அனுப்பும் அறிக்கைகளில் பெரும்பாலானவை இங்கேதான் மாட்டுகின்றன. காலியாகத் திரும்பிய தூரத்தின் எரிபொருளும் கணக்கில் வந்தாக வேண்டும். விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

இனி தாங்குதிறன், அதாவது தடை வந்தாலும் சரக்கு நிற்காமல் போகும் திறன். மாற்றுப் பாதை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் வரைபடத்தை நீட்டுகிறார்கள். 2017 ஆகஸ்ட் 12 அன்று ஜெர்மனியின் ராஷ்டாட் அருகே, சுரங்கப் பணி நடந்த இடத்துக்கு மேலே ரயில் தண்டவாளம் இறங்கிவிட்டது. ராட்டர்டாம் துறைமுகத்தையும் இத்தாலியின் ஜெனோவாவையும் இணைக்கும் முக்கியச் சரக்குத் தடம் அது. அக்டோபர் 2 வரை ரயில் ஓடவில்லை. மாற்றுத் தடங்கள் வரைபடத்தில் இருந்தன. பிரான்ஸ் வழியாகத் திருப்பலாம் என்றால் பிரெஞ்சு தெரிந்த, அந்தத் தடம் பழகிய டிரைவர்கள் போதவில்லை. இன்னொரு தடத்தில் அப்போது பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தடம் இருந்தும் சரக்கு தேங்கியது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பிய ரயில் நிர்வாகங்கள் கூடி, பெரிய தடை வந்தால் யார் யாரை அழைப்பது, எந்த வழியில் திருப்புவது என்று பொதுவான கையேடு எழுதின.

கரியமில வாயுக் கணக்கில் ரயிலும் படகும் லாரியைவிடப் பல மடங்கு சுத்தமானவை, மறுப்பே இல்லை. ஆனால் 2018 அக்டோபரில் ரைன் நதி வற்றி, ஜெர்மனியின் காவுப் என்ற இடத்தில் உள்ள நீர்மட்ட அளவுகோலில் (அது காட்டுவது நதியின் முழு ஆழம் அல்ல) 25 சென்டிமீட்டர் வரை இறங்கியபோது, படகுகள் தங்கள் கொள்ளளவில் சிறு பங்கு மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. அதன் பிறகு குறைந்த நீரிலும் மிதக்கும் படகு வடிவங்களும், வாரக்கணக்கில் முன்கூட்டியே நீர்மட்டம் சொல்லும் கணிப்புகளும் வந்திருக்கின்றன. உண்மையான புதுமை என்று நான் சொல்வது இவற்றைத்தான். 2023 வறட்சியில் பனாமா கால்வாய் நாளொன்றுக்கு அனுமதித்த கப்பல்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. வானிலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரே வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கணினியை மட்டும் நம்பியும் போடாதீர்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது, மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவவேண்டி வந்தது. பத்து நாள் வேலை. அத்தனை பெரிய நிறுவனம் அதுவரை கையால் எழுதிச் சமாளித்தது. உங்கள் கிடங்கில் திரை அணைந்தால் எந்தப் பெட்டி எந்த வண்டிக்கு என்று காகிதத்தில் எழுதத் தெரிந்தவர் யார்? வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஷிஃப்டைக் கணினி இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

சில வேலைகளை நாளைக்கே தொடங்கலாம், நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். டயர் காற்றை வாரம் தவறாமல் பாருங்கள். ட்ரெய்லருக்கும் சேர்த்துப் பாருங்கள்; லாரியின் டயரைப் பார்த்துவிட்டு ட்ரெய்லரை விட்டுவிடுகிறீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள், வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். ஆனால் கிடங்கு வாசலில் மூன்று மணி நேரம் காக்கவைத்துவிட்டு, போகும் வழியில் மெதுவாகப் போ என்று டிரைவரிடம் சொல்வது அநியாயம். முதலில் அவருடைய நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஓய்வும் கழிப்பறையும் கொடுங்கள். திட்டம் போடும் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள். எந்த வண்டி எங்கே காலியாகப் போகிறது என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

மின் லாரிக்கு ஆர்டர் போடும் முன் மின்வாரியத்திடம் போங்கள். வண்டி வந்துவிடும், போதுமான மின் இணைப்பு வராது. இதை அடிக்கடி பார்க்கிறேன். சார்ஜ் ஏறும் நேரமும் லோடு ஏறும் நேரமும் மோதாதபடி அட்டவணையைத் தாளில் போட்டுப் பாருங்கள். முதலில் தூரமும் நேரமும் மாறாத ஒரே ஒரு தடத்தில் ஓட்டுங்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனை ஓட்டங்களில் தோற்றதையும் வெளியிடுங்கள். லாரிகளை நெருக்கமாக வரிசைகட்டி ஓட்டி எரிபொருள் மிச்சம் பிடிக்கலாம் என்று பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2019இல் டெய்ம்லர் நிறுவனம், உண்மையான நெடுஞ்சாலையில் எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த ஒரு அறிவிப்பு எத்தனையோ பேரின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் இனி வண்டியின் விளம்பரத் தாளைக் கொண்டுவர வேண்டாம். மூன்று மாத ட்ரிப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள்: ஏற்றிய எடை, அடைத்த கன அளவு, காலியாக ஓடிய தூரம், வாசலில் காத்திருந்த நேரம், எரிந்த எரிபொருள். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதியிருந்தாலும் சரி. எந்த வண்டி வாங்குவது என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.