மலேசியால பர்மிட் இல்லாம மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு நிதி இருக்கு, வீட்ல இருந்தே கேக்கலாம்

"விசிட்ல போயிரு, போனதும் பர்மிட் (வேலை பாக்க அனுமதி) அடிச்சுக் கொடுத்துருவாங்க"ன்னு ஏஜென்ட் சொல்றத நம்பி ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை பக்கத்துல இருந்து பசங்க இன்னமும் கெளம்பிட்டுத்தான் இருக்காங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து மலேசியா நம்மாளுங்களை விசா இல்லாமலே 30 நாள் உள்ள விடுது, ஆனா அது சுத்திப் பாக்கத்தான், வேலை பாக்க இல்ல. 31வது நாள்ல இருந்து ஓவர்ஸ்டே, அதாவது அனுமதி முடிஞ்சும் தங்குற குத்தம். அப்புறம் சாப்பாட்டுக் கடையில காலையில இருந்து நடுராத்திரி வரைக்கும் வேலை, சம்பளம் பாதி வரும் பாதி வராது, கேட்டா "இமிகிரேஷனுக்கு போன் போடவா"ன்னு மிரட்டல், பாஸ்போர்ட் முதலாளி கையில.

இங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சுக்கறது அந்த நாட்டு சட்டப்படியே குத்தம். பர்மிட் இல்லாதவங்களை வேலைக்கு வச்சா ஆளுக்கு 10,000ல இருந்து 50,000 ரிங்கிட் வரைக்கும் முதலாளிக்கும் அபராதம் இருக்கு. அதனால போன் போடுவேன்னு மிரட்டறவருக்கும் உள்ளுக்குள்ள பயம் இருக்கும்.

இப்ப திட்டத்துக்கு வரேன். இந்திய சமூக நல நிதி, சுருக்கமா ஐசிடபிள்யூஎஃப்னு சொல்வாங்க. 2009ல ஆரம்பிச்சது, 2017ல விதிகளை இன்னும் தாராளமாக்குனாங்க. இது யாரோ போடுற பிச்சை இல்லைங்க, வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க தூதரகத்துல பாஸ்போர்ட் மாதிரி வேலைகளுக்குக் கட்டற கட்டணத்தோட சேத்து வாங்குற காசுதான் இந்த நிதி. கையில காசில்லாம தவிக்கிற இந்தியக் குடிமக்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, அவசர வைத்தியம், ஊர் திரும்ப டிக்கெட், வக்கீல் உதவி, இறந்துட்டா உடலை ஊருக்கு அனுப்பற செலவு எல்லாம் இதுல வரும். பர்மிட் இல்லாதவங்க முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, ஆள் மேல தப்பு இல்லைன்னு மேலோட்டமா பாத்தாலே தெரியற கேஸ்ல, சட்டவிரோதமா தங்குனதுக்கான சின்ன அபராதத்தையும் இதுல இருந்து கட்டலாம்னு விதியிலேயே இருக்கு. அதனால "பர்மிட் இல்ல, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தூதரகத்துக்குப் போறது"ன்னு ஒளிஞ்சு கிடக்க வேண்டாம். ஆனா எல்லாருக்கும் தானா கிடைச்சிராது, வசதியைப் பாத்து, கேஸைப் பாத்துத்தான் கொடுப்பாங்க.

கேக்கறது எப்படி? மாட்டிக்கிட்டவரால வெளிய வர முடிஞ்சா நேரா கோலாலம்பூர் இந்தியத் தூதரகம். முடியலைன்னா வீட்ல இருக்கறவங்க மதத் (MADAD) போர்ட்டல்ங்கற இணையதளத்துல புகார் போடலாம், இந்திய வெளியுறவுத் துறையோடது, 2015ல இருந்து இருக்கு. தமிழ்நாட்டுல அயலகத் தமிழர் நலத்துறை ஹெல்ப்லைன் 1800 309 3793, தமிழ்லயே பேசலாம். கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து ரசீது வாங்கி வச்சுக்கோங்க. ஏஜென்ட் மேல புகார்னா சென்னையில இருக்கற குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமா வாங்கலாம், உங்ககிட்ட லட்சக்கணக்குல வாங்கியிருந்தா அதையும் எழுதுங்க.

பாஸ்போர்ட் கையில இல்லைன்னா தூதரகம் எமர்ஜென்சி சர்டிபிகேட்னு ஒண்ணு கொடுக்கும், ஊருக்குத் திரும்ப மட்டும் செல்லும். பாஸ்போர்ட் நம்பரும் தெரியாம போனா இவர் இந்தியர்தானான்னு ஊர்ல விசாரிக்கச் சொல்வாங்க, இந்த இடத்துலதான் நாள் இழுக்கும். ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கூல் டிசி எல்லாம் தேடி எடுத்து வைங்க. ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வந்தா பக்கத்து வீட்டுக்காரங்களும் விஏஓவும் பஞ்சாயத்துத் தலைவரும் தயங்காம சொல்லணும், ஊர்க்காரங்க ஒரு நாள் துணைக்கு நின்னா அங்க ஒருத்தர் தடுப்பு முகாம்ல கிடக்கற நாள் குறையும்.

மலேசிய அரசு அப்பப்ப திரும்பிப் போறவங்களுக்கு சலுகை அறிவிக்கும். 2024 மார்ச் 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் ஒண்ணு இருந்துச்சு, 500 ரிங்கிட், சில கேஸ்ல 300 ரிங்கிட் அபராதம் கட்டிட்டு கோர்ட்டுக்குப் போகாமலே கெளம்பலாம். இப்ப அந்த மாதிரி ஏதாச்சும் ஓடுதான்னு தூதரகத்துலயே கேளுங்க, ஏஜென்ட்கிட்ட கேக்காதீங்க, பொதுமன்னிப்பு வாங்கித் தரேன்னு சொல்லியே காசு பிடுங்குறவங்க இருக்காங்க.

அங்கயே இருக்கற தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒண்ணு கேக்கறேன். உங்க தெருக் கடையில தட்டு கழுவற பையன் மாசக்கணக்கா லீவே இல்லாம நிக்கிறான்னா, சும்மா ஊர் பேர், வீட்டு போன் நம்பர் கேட்டு வைங்க, அவன் சம்மதிச்சா வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லுங்க. நீங்களா போலீஸுக்குப் போகாதீங்க, முதல்ல மாட்டறது அவன்தான். 1991ல இருந்து தெனகனிதாங்கற மலேசியத் தொண்டு அமைப்பு இப்படி மாட்டிக்கிட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுற வேலையைத்தான் செய்யுது. அதோட இயக்குநரா இருந்த ஐரின் பெர்னாண்டஸ் தடுப்பு முகாம் கொடுமைகளை 1995ல வெளிய சொன்னதுக்காக வழக்கு, தண்டனைன்னு அலைஞ்சு 2008லதான் விடுதலை ஆனாங்க. அந்த மாதிரி அமைப்புங்க மூலமா போறது பாதுகாப்பு.

சம்பள பாக்கியை இந்த நிதி தராது. அது முதலாளிகிட்ட இருந்துதான் வரணும், ஊருக்கு வந்துட்டா கேக்கறது ரொம்ப கஷ்டம். அதனால கெளம்பறதுக்கு முன்னாடியே எந்தக் கடை, எந்த மாசத்துல இருந்து, பேசுன சம்பளம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, வாட்ஸ்அப் மெசேஜ், கடை போட்டோ எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டு, தூதரகத்துல கொடுக்கற மனுவுலயே அந்தக் கணக்கையும் சேத்துக் கொடுக்கச் சொல்லுங்க.