துப்பாக்கி பெர்மிட் பக்கத்து மாநிலத்தில் செல்லுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தில் ஏறினால், சில நிமிடத்தில் டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சியின் கேம்டனில் இறங்கிவிடலாம். பாலத்தின் இந்தப் பக்கம், துப்பாக்கி எடுத்துச் செல்ல பென்சில்வேனியா கொடுத்த லைசென்ஸ், அதாவது பெர்மிட், உள்ளவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்திருப்பது சட்டப்படி சரி. அந்தப் பக்கம் போனதும் அதே துப்பாக்கி சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றமாகிவிடுகிறது. 2013ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு இளம் தாய் இப்படித்தான் மாட்டினார். நியூஜெர்சியில் போக்குவரத்து போலீஸ் காரை நிறுத்தியபோது, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பெர்மிட்டும் இருக்கிறது என்று அவரே எடுத்துச் சொன்னார். முன்பு எந்த வழக்கும் இல்லாத அவருக்கு, கட்டாயமாக மூன்று வருடத்துக்கும் மேல் சிறை என்ற நிலை வந்தது. 2015ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அவர் பெயரில் இருந்த கறை நீங்கியது.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஓட்டுநர் உரிமம் மாதிரி இதுவும் நாடு முழுக்கச் செல்லும் என்று நினைத்துவிட்டார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுநர் உரிமத்தை எல்லா மாநிலமும் தங்கள் சட்டத்தில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி பெர்மிட்டோ வக்கீல் லைசென்ஸ் மாதிரி. டெக்சாஸில் வாங்கியதை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் தன்பாட்டுக்கு வாதாட முடியாது. உங்கள் பெர்மிட் செல்லுமா என்பதைச் சொல்வது அதைக் கொடுத்த மாநிலம் இல்லை, நீங்கள் அந்த நிமிடம் நிற்கும் மாநிலம்.

இந்த அங்கீகாரத்தைத்தான் 'ரெசிப்ராசிட்டி' என்கிறார்கள். சில மாநிலங்கள் எங்கே வாங்கிய பெர்மிட்டையும் ஏற்கும். சில, ஒப்பந்தம் போட்ட மாநிலங்களுடையதை மட்டும் ஏற்கும். நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா போன்றவை வெளி பெர்மிட் எதையும் ஏற்பதில்லை. இதற்கு நடுவில் இன்னொரு சிக்கலும் உண்டு. யூட்டா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள் அங்கே குடியிருக்காதவர்களுக்கும் பெர்மிட் கொடுக்கின்றன, அதை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பல மாநிலங்களுக்குப் போகலாம் என்று வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் மிச்சிகன், கொலராடோ மாதிரி இடங்களில் நீங்கள் குடியிருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருந்தால்தான் செல்லும்.

சரி, பெர்மிட்டே கேட்காத மாநிலங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, 2024ல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்த பிறகு அப்படி 29 மாநிலங்கள். ஆனாலும் அங்கே இருப்பவர்கள் பெர்மிட் வாங்குவது நல்லது என்றே சொல்வேன், ஏனென்றால் எல்லை தாண்டினால் காட்டுவதற்கு ஏதாவது கையில் வேண்டும். அப்புறம் இந்தப் பட்டியல்கள் நிலையாக இருப்பதும் இல்லை. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி), 25 மாநிலங்களின் பெர்மிட்டை இனி ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார், அடுத்த சில வாரங்களிலேயே அரசியல் பேச்சுவார்த்தை நடந்து அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. போன வருடம் பார்த்த வரைபடத்தை நம்பி இந்த வருடம் கிளம்பாதீர்கள்.

ஏற்காத மாநிலம் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் உங்களுக்குச் சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டாத இடத்தில், அதாவது டிக்கியில் இருக்க வேண்டும். தனி டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். க்ளவ் பாக்ஸைப் பூட்டி வைத்தாலும் அது கணக்கில் வராது.

இதிலும் வழுக்கும் இடம் உண்டு. 2005ல் யூட்டாக்காரர் ஒருவர் நியூஜெர்சியின் நியூஆர்க் விமான நிலையம் வழியாகப் பென்சில்வேனியா போகும்போது விமானம் தாமதமாகி, அடுத்த வண்டியும் தவறிப்போய், பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டியோடு விமான நிலைய ஹோட்டலில் ஒரு இரவு தங்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை செக்-இன் கவுன்ட்டரில் முறைப்படி துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவர் தொடுத்த வழக்கில் 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் பெட்டி கைக்கு எட்டும்படி இருந்ததால் அந்தச் சட்டம் அவரைக் காக்காது என்று சொல்லிவிட்டது. பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே விமான நிலையப் போலீஸிடமோ ஊழியர்களிடமோ சொல்லியிருக்கலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. விமானத்தில் போகிறவர்கள் இந்த ஒன்றை மனதில் வையுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று, பள்ளிகள். மத்திய சட்டப்படி பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு இருக்கக்கூடாது. பெர்மிட் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட்டுக்குத்தான். இல்லையென்றால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். ஊருக்குள் போகும் எந்தச் சாலையிலும் ஒரு பள்ளி வந்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நாடு முழுக்க ஒரே விதி வராதா? போலீஸ்காரர்களுக்கும் ஓய்வுபெற்ற போலீஸாருக்கும் 2004லேயே வந்துவிட்டது. மற்றவர்களுக்கான முயற்சி 2009ல் செனட்டில் 58 வாக்கு பெற்றது, தேவைப்பட்டது 60. 2017 டிசம்பரில் கீழவை 231-198 என்று நிறைவேற்றிய மசோதா செனட்டில் நின்றுவிட்டது, 2025ல் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். 2022ல் உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்றது. ஆனால் ஒரு மாநில பெர்மிட்டை இன்னொன்று ஏற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதனால் இப்போதைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்தின் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் இணையதளத்தைப் பாருங்கள். பெர்மிட் செல்லுமா என்பதோடு, தோட்டா வகைக்கும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் அளவுக்கும் உள்ள தடை, போலீஸ் நிறுத்தினால் நீங்களாகவே சொல்ல வேண்டுமா, இவையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஏற்காத மாநிலம் வழியில் வந்தால், எல்லைக்கு முன்னால் உள்ள கடைசி ஓய்விடத்திலேயே வண்டியை நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு டிக்கியில் பூட்டுங்கள். போய்த் தங்கப்போவது நியூயார்க் நகரம் என்றால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.