அரை மில்லிமீட்டர் ஓட்டையைக் கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கார் நன்றாகத்தான் ஓடுகிறது, மைலேஜும் குறையவில்லை, செக் எஞ்சின் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. வண்டியில் செருகிப் பார்க்கும் ஸ்கேனரில் பி0456 என்ற பழுதுக் குறியீடு வருகிறது. பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றி, குறியீட்டை அழித்தும் பார்த்துவிட்டேன், சில நாளில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் எஞ்சின் கெட்டுப்போகுமா?"

கெடாது. விளக்கு நிலையாக எரிகிற வரைக்கும் ஓட்டலாம். அதுவே மினுக்கி மினுக்கி எரிந்தால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம்செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிப் பாழடிக்கிறது என்று அர்த்தம், உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். பி0456 அந்த ரகம் இல்லை. பெட்ரோல் ஆவி எங்கேயோ கசிகிறது, ஓட்டை மிகச் சின்னது, அவ்வளவுதான் அது சொல்வது. பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, வண்டிக்கு அடியில் சொட்டினாலோ மட்டும் ஓட்டாதீர்கள், அது தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

மிகச் சின்னது என்றால் அரை மில்லிமீட்டர் விட்டம். இத்தனை பெரிய டேங்க், வண்டியின் பின்னாலிருந்து எஞ்சின் வரைக்கும் ஓடும் குழாய்கள், நாலைந்து இணைப்புகள், வால்வுகள், இவ்வளவிலும் எங்கோ ஓர் அரை மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறது என்று கார் தானாகக் கண்டுபிடித்துவிடுகிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால், அந்த ஓட்டையை நாம் எப்படித் தேட வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

அதற்கு முன், கொஞ்சம் ஆவி போனால் என்ன குடிமுழுகிவிடும் என்ற கேள்வி இருக்கிறது. பகலில் டேங்க் சூடாகும்போது ஆவி பெருகி வெளியேறப் பார்க்கும், இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பழைய வண்டிகளில் அந்த ஆவி நேராக வெளியே போய்விடும், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாவின் கால்டெக் என்ற அறிவியல் கல்வி நிறுவனத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலர், லாஸ் ஏஞ்சலஸ் மக்களின் கண்ணை எரியவைத்த புகைமூட்டத்தை ஆராய்ந்தார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டியவர் அவர்தான். எண்ணெய்த் தொழிலின் பணத்தில் நடந்த ஆய்வுகள் அவரோடு மல்லுக்கு நின்றன, கடைசியில் அவர் சொன்னதுதான் நிலைத்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்த மூலக்கூறுகளால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்திலிருந்து எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, அதில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் அதே கைப்பழக்கத்தைத்தான் நகரத்துக் காற்றின் மீது காட்டினார். அன்னாசி வாசனை ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டு அன்றைக்கு ஒருவர் காசை நிறுத்தியிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப்போயிருக்குமோ. நிதி கேட்கும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே "உடனடிப் பயன் என்ன" என்று கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. ஆவி நேராக ஒரு கரி டப்பாவுக்குள் போகும். உள்ளே இருப்பது கிளர்வூட்டப்பட்ட கரி, ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கூட்டினால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். அந்தப் பரப்பில் பெட்ரோல் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் தன் உறிஞ்சலால் டப்பா வழியாக வெளிக்காற்றை இழுத்து, ஒட்டியிருப்பதைக் கழற்றிக் கொண்டுபோய் எரித்துவிடும். டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருப்பது பர்ஜ் வால்வு, சாதாரணமாக மூடியே இருக்கும். டப்பாவுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது வென்ட் வால்வு, பெரும்பாலான கார்களில் இது திறந்தே இருக்கும். இரண்டையும் மூடிவிட்டால் டேங்க், குழாய், டப்பா எல்லாம் சேர்ந்து காற்றுப் புகாத ஒரே அறையாகிவிடும், ஆகவேண்டும். ஆகிறதா என்று கார் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது 1996 மாடல்களை ஒட்டி வந்த விதி. முதலில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையைப் பிடித்தால் போதும் என்றிருந்தது, 2000 மாடல் ஆண்டிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டர் ஆக்கினார்கள்.

அரை மில்லிமீட்டரை அளப்பது லேசான காரியம் இல்லை. சில கார்கள் இயற்கையையே வேலை வாங்குகின்றன. வண்டியை நிறுத்தி சாவியை எடுத்தபிறகு இரண்டு வால்வுகளையும் மூடிவிட்டு, டேங்க் ஆறும்வரை அழுத்த உணரியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். பள்ளியில் படித்த வாயு விதிதான்: அடைபட்ட காற்று 1 டிகிரி குளிர்ந்தால் அழுத்தம் முந்நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 340 பாஸ்கல், 34 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தின் அளவு, குறையும். டேங்கில் 30 லிட்டர் காலி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 1 டிகிரிக் குறைவை ஈடுகட்ட வெளியிலிருந்து வெறும் 100 மில்லிலிட்டர் காற்று வந்தால் போதும், அரை மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றிரண்டு நிமிடத்தில் அவ்வளவையும் உள்ளே விட்டுவிடும். டேங்க் ஆறுவதோ அதைவிட மெதுவாக. அதனால் ஓட்டை இருக்கும் டேங்கில் உறிஞ்சல் சேரவே சேராது, இல்லாத டேங்கில் கண்ணுக்கு முன்னால் ஏறும்.

அழகான வழி, ஆனால் வானிலையை நம்பியிருக்கிறது. வேறு சில கார்களில், டொயோட்டாவின் பல மாடல்கள் உட்பட, கரி டப்பாவோடு ஒரு சின்ன பம்ப் இருக்கும். அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே, தொழிற்சாலையிலேயே துல்லியமாகப் போட்ட ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் விட்டம் சரியாக அரை மில்லிமீட்டர். நாம் எதைத் தேடுகிறோமோ அதே அளவு ஓட்டையை வண்டிக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்!

பம்ப் முதலில் அந்த ஓட்டை வழியாக மட்டும் காற்றை இழுக்கும். ஓட்டை வழியாக வரும் காற்றும் பம்ப் வெளியேற்றும் காற்றும் சமமாகும் இடத்தில் அழுத்தம் ஓர் அளவில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் வால்வைத் திருப்பி, அதே பம்பால் டேங்க் பக்கமிருந்து இழுக்கும். டேங்கில் எங்கும் ஓட்டை இல்லையென்றால் அழுத்தம் குறித்துவைத்த எண்ணையும் தாண்டிக் கீழே இறங்கும். அரை மில்லிமீட்டரை விடப் பெரிய ஓட்டை இருந்தால் அந்த எண்ணை எட்டவே எட்டாது. கடைசியில் வால்வை மறுபடி பழைய ஓட்டைக்கே திருப்பி, முதலில் குறித்த எண் மாறவில்லையே என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும்.

இதன் மகிமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பம்புக்கு வயசாகி இழுவை குறைந்திருக்கலாம், பேட்டரி சற்று இறங்கியிருக்கலாம், வண்டி மலைமேல் நிற்கலாம், உணரி ஒரு பக்கமாகக் கொஞ்சம் தவறாகக் காட்டலாம். இவை எல்லாம் இரண்டு அளவையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பாதிக்கும், ஒப்பிடும்போது அடிபட்டுப் போய்விடும். தராசின் ஒரு தட்டில் எடைக்கல்லை வைத்து மறு தட்டில் பொருளை வைக்கிற அதே யுக்தி. கார் ஓட்டையின் அளவைக் கண்டுபிடிக்கவே முயல்வதில்லை, தெரிந்த ஓட்டையைவிடப் பெரிதா சிறிதா என்று மட்டும் கேட்கிறது.

இந்தச் சோதனை வண்டியை நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்துத்தான் நடக்கும். சூடான பெட்ரோல் தொடர்ந்து ஆவியாகி, பம்ப் உண்டாக்கும் வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும், அது பார்வைக்கு ஓட்டை மாதிரியே தெரியும். அதனால் எல்லாம் ஆறட்டும் என்று காத்திருக்கிறது. அப்போதும் சூடு மிச்சமிருந்தால் ஏழு மணி நேரம், பிறகு ஒன்பதரை மணி நேரம் என்று தள்ளிப்போடும். பூட்டிய கார் நடுராத்திரியில் சில நிமிடம் ரீங்காரமிட்டு நின்றால் இதுதான் காரணம். பயந்துபோய் வண்டிக்குத் திருஷ்டி சுற்றவும் வேண்டாம், பேட்டரி வயரைப் பிடுங்கவும் வேண்டாம்.

குறியீட்டைப் படிப்பதும் இனி எளிது. பி0455 என்றால் பெரிய கசிவு, மூடியைப் போடாமல் விட்டது, குழாய் கழன்றது மாதிரி. பி0442 சின்னது, பி0456 அதைவிடச் சின்னது. பி0457 மூடியையே சந்தேகிக்கிறது. எந்தக் குறியீடும் ஓட்டை எங்கே என்று சொல்லாது, கவனியுங்கள். பி0456 வந்ததும் மூடி, பர்ஜ் வால்வு, டப்பா என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது வைத்தியமே இல்லை, குருட்டாம்போக்கு. அதைச் செய்யச் சொல்லும் மெக்கானிக்கிடம் புகைச் சோதனை செய்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூடியைப் பார்ப்பது சரிதான், ஆனால் மூடியோடு நிறுத்திவிடக் கூடாது. மூடியின் ரப்பர் வளையம் போய் உட்காரும் குழாய் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், துரு பொரிந்திருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் கசியும். அடுத்தது பர்ஜ் வால்வு. அதன் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓடும்போது டப்பாவிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து எடுத்து அந்த வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது, இருந்தால் வால்வு முழுசாக மூடவில்லை. பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். வென்ட் வால்வு வண்டியின் பின்பக்கம் தூசியும் சேறும் படும் இடத்தில் இருப்பதால் அதில் குப்பை சிக்கி மூடாமல் போகும், அல்லது வழியே அடைபடும். அடைபட்டால் பெட்ரோல் பிடிக்கும்போது பம்பின் துப்பாக்கி திரும்பத் திரும்பத் தானாக நின்றுகொண்டிருக்கும். சிலந்திகூட இந்த வேலையைச் செய்திருக்கிறது. 2011இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஒருவகை மஞ்சள் சிலந்தி ஆவி வெளியேறும் குழாயில் வலை பின்னியதுதான்.

இத்தனையிலும் அகப்படவில்லை என்றால் புகைதான். தாது எண்ணெயைச் சூடாக்கி எழும் புகையை, நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவோடு சேர்த்து, ஒரு பிஎஸ்ஐக்கும் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) குறைந்த அழுத்தத்தில் உள்ளே அனுப்புவார்கள். ஸ்கேனரால் வென்ட் வால்வை மூடச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தால் ஓட்டையிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாகப் புகை எழும். அடிக்கடி தப்பிப்போகும் இடம் டேங்கின் உச்சியில் பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருக்கும் வளையம். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது, பல கார்களில் பின் சீட்டைத் தூக்கித்தான் பார்க்க முடியும். இதை வீட்டில் ஏர் கம்ப்ரஸரை வைத்துச் செய்து பார்க்காதீர்கள். அழுத்தம் தாங்காமல் உணரியோ டேங்கோ போய்விடும், போதாக்குறைக்குப் பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும்.

அடைத்த பிறகு குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்துவிடும், அதை வைத்துச் சரியாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. நிறைய கார்கள் டேங்க் ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதம் நிறைந்திருந்து, வண்டி நன்றாக ஆறியிருந்து, வெளியே கடும் குளிரோ கடும் வெயிலோ இல்லாதபோதுதான் சோதனையையே தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றால்தான் பொதுவாக விளக்கைப் போடும். வாசகருக்கு விளக்கு சில நாள் கழித்துத் திரும்பியது இதனால்தான், புது மூடி சில நாள் வேலை செய்துவிட்டுக் கெட்டுப்போகவில்லை. டேங்கைப் பாதிக்கு வைத்துக்கொண்டு வழக்கம்போல் ஓட்டுங்கள், ஸ்கேனரில் ஆவி அமைப்புக்கான சோதனை முடிந்தது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். முடிந்தது என்று காட்டி, எந்தக் குறியீடும் தலைகாட்டவில்லை என்றால் வேலை தீர்ந்தது. பி0455 இருந்த வண்டியில் பெரிய ஓட்டையை அடைத்தபின் பி0456 வந்தால் மட்டும், பழுதுபார்த்தது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியது அடைபட்டுவிட்டது, அது இருந்தவரை அளக்க முடியாமல் மறைந்திருந்த சின்னது இப்போதுதான் அளவுக்குள் வந்திருக்கிறது.